மாசிலாமணியின் எண்ணெய்க் குளியல்

சாத்தான்குளம் பக்கத்துப் பனையேறி பலவேசத்துக்கு, ஞானஸ்நானம் என்ற சொல்லில் பின்பாதிதான் விளங்கியது. ஸ்நானம் என்றால் எண்ணெய் வேண்டாமா? தலையில் நல்லெண்ணெய் வழிய, மடியில் சீயக்காய்ப் பொடியோடு வேதக்கோயிலில் போய் நின்றான்.

பாதிரி ஐயர், ‘மாசிலாமணி’ என்று புதுப்பேர் சொல்லி மூன்று கை தண்ணீர் விட்டார். அத்தனையும் எண்ணெயில் வழுக்கித் தரைக்குப் போயிற்று.

“என்ன ஐயரே, காதுகூட நனையலியே!”

“இது அழுக்குப் போக்குத குளியல் இல்ல வே. இன்னைலேருந்து நீரு சபைக்குச் சொந்தம். இந்த வீட்டுப் பிள்ளை.”

மாசிலாமணியின் பார்வை, பக்கத்தில் நின்ற உபதேசியாரிடம் போயிற்று. ‘சபையார் கிணத்துல வெளியாளுக்கு என்ன சோலி’ என்று போன கோடையில் அவனை விரட்டியவர் அவர்தான்.

“வீட்டுப் பிள்ளை கேக்கேன், உபதேசியாரே,” என்று சீயக்காயை அவிழ்த்தான். “வாளி எங்கன இருக்கு?”