இடப்பக்கம் பூச்சாடி, வலப்பக்கம் குழந்தை

வீட்டு பிளானை நகலெடுக்கும் அமோனியா பிரின்ட் வாசனை ஞாபகம் இருக்கிறதா? மூக்குக்குள் போய்க் குத்தும். இருபத்திரண்டு வயதில், மதுரையில் ஓர் என்ஜினியர் ஆபீஸில் சேர்ந்த புதிதில், என் துப்பட்டா முழுக்க அந்த வாசனைதான்...

செல்லூரில் தறி வைத்திருந்த சௌராஷ்டிர அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து வீடு கட்டினார்கள். மொட்டைமாடிச் சுவரின் இரு முனையிலும் மகாலில் இருப்பதுபோல் சுதை வேலை வேண்டுமாம். எனக்குக் கல்லூரி நூலகத்தில் பார்த்த, பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பரோக் பாணிப் பேனா ஓவியங்கள் நினைவுக்கு வந்தன. சுருண்ட இலை, பூச்சரம், சிறகு முளைத்த குண்டுக் குழந்தை...

அந்த ஐரோப்பியக் கலைஞர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரே தாளில் இடப்பாதியில் ஒரு டிசைன், வலப்பாதியில் இன்னொன்று வரைவார்கள். வீட்டுக்காரர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதையே இரு பக்கமும் செய்வார்கள்.

நானும் அப்படியே வரைந்தேன். இடது பூச்சாடி, வலது குழந்தை. 'இரண்டில் ஒன்று' என்று எழுத மறந்துவிட்டேன். பிரின்ட் நேராக சைட்டுக்குப் போய்விட்டது.

கிரகப்பிரவேசத்துக்கு நான்கு நாள் முன்பு என்ஜினியரோடு போனேன். சாரம் பிரித்திருந்தார்கள். இடது முனையில் பூச்சாடி. வலது முனையில் குழந்தை.

முதல் வேலை, மூன்றாவது மாதம்...

"யாரு பாய் இப்படிச் செய்யச் சொன்னது?" என்றார் என்ஜினியர்.

சுதைக் கொத்தனார் காதர் பாய் கையிலிருந்த பிரின்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிரின்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அந்தப் புள்ள ரெண்டுல ஒண்ணுன்னுதான் சார் சொல்லுச்சு. எனக்குத்தான் ரெண்டையும் விட மனசில்ல. இடிக்கச் சொன்னா இடிச்சுப்புடுறேன்."

வீட்டுக்கார அண்ணன் அண்ணாந்து பார்த்தார். "இம்புட்டு வேலைய இடிக்கவா? சாடி எனக்கு, குழந்தை தம்பிக்கு. அவனுக்குத்தான் கல்யாணமாகி நாலு வருசமாச்சு, இதப் பாத்தாவது..."

"அண்ணே, சும்மா இருண்ணே!"

எல்லோரும் சிரித்தார்கள். என்ஜினியர்கூட.

வெளியே வந்ததும், "ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"என்னைய எந்த ஆபீஸ்லேர்ந்து துரத்தப் போறாக? போம்மா... அடுத்த தடவை எழுதிப் போடு."

என்ஜினியரிடம் நான் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

இப்போது என் ஆபீஸில், வீடு முழுவதையும் கம்ப்யூட்டரிலேயே சுற்றிக் காட்டிவிடுகிறோம். இப்படிப்பட்ட தப்புக்கு இடமே இல்லை. நல்லதுதான். அந்தக் காலம் பொற்காலம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

போன வாரம் செல்லூர் வழியாகப் போனேன். சாடியும் குழந்தையும் அப்படியே இருக்கின்றன. குழந்தைக்குப் பச்சை பெயின்ட். அழகா என்று கேட்டால், சத்தியமாக இல்லை.

ஆனாலும் கொஞ்ச நேரம் கீழே நின்று பார்த்தேன்... இத்தனை வருடமாக, என் தப்பு பாய் பெயரில் அங்கே நிற்கிறது.