நாலு புள்ளி ஒன்பது மில்லிமீட்டர்

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பொய்யென்றால் என் வலது கைக் கட்டைவிரல் அழுகிப் போகட்டும். முப்பத்தொரு வருடம் தகடு ஆலையில் அளவு பரிசோதகனாக இருந்தவன் நான். தகட்டின் தடிமனை அளப்பது, தேறினால் 'சரி' என்றும் தேறாவிட்டால் 'கழிவு' என்றும் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. அதுதான் என் வேலை. இத்தனை வருடத்தில் என் கையெழுத்து ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. அளக்காத எதையும் நான் நம்பியதும் இல்லை. பேயைக்கூட அளந்து பார்த்துத்தான் நம்பினேன்.

பேய் என்றால் நடுநிசியில்தான் வர வேண்டும் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்கு வந்தது பட்டப்பகலில். மதியம் சரியாக மூன்று பத்துக்கு.

எல்லாவற்றுக்கும் காரணம் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். ஆள் பீரோ மாதிரி இருப்பார். எங்கள் வாசற்கதவில் ஒருக்களித்துத்தான் நுழைவார். அப்பேர்ப்பட்டவர் வாங்கியிருந்ததோ ஒல்லி டிவி. சுவரில் காலண்டர் மாட்டினாற்போல் இருந்தது. மறைப்பானேன், பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நாற்பது வருடமாக என் மனைவி எந்தப் பேச்சையும் "அவ வீட்டுல பாருங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். வீடு, பிரிட்ஜ், மாப்பிள்ளை, தலைமுடி என்று எல்லாவற்றிலும் சகலைதான் எனக்கு ஒரு படி மேல்.

அவர் காபி எடுத்துவர உள்ளே போனார். நான் பையிலிருந்து வெர்னியரை எடுத்தேன். ஓய்வு பெற்ற அன்று ஆலைக்காரர்கள் வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொடுத்த பரிசு அது. சகலை வீட்டில்தான் அது முதன்முதலாகப் பெட்டியை விட்டு வெளியே வந்தது. அதன் இரண்டு தாடைகளுக்கு நடுவே பொருளைக் கவ்வ வைத்தால், சின்னத் திரையில் எண் வரும். டிவியின் ஓரத்தைக் கவ்வினேன். 6.2 மில்லிமீட்டர்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"தூசி இருந்துச்சு தம்பி."

"எங்க வீட்டுல தூசிய துணியால தொடைப்போம்" என்றார்.

ஒரே மாதத்தில் நானும் வாங்கினேன். காந்தத்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் ரகம். மாட்ட வந்த மெக்கானிக் போகும்போது எச்சரித்தார்: "சார், மூலைய மட்டும் தூக்கிடாதீங்க. வளைஞ்சா போச்சு." அவர் தெருமுனை திரும்புவதற்குள் கீழ்மூலையை நகத்தால் நெம்பி அளந்துவிட்டேன். 4.9! உடனே சகலைக்கு ஃபோன் போட்டேன். "அடுப்புல பால் இருக்குண்ணே" என்று வைத்துவிட்டார். அன்று ராத்திரி எனக்கு மாத்திரை இல்லாமலே தூக்கம் வந்தது.

வாங்க நினைப்பவர்களுக்காக நல்லது கெட்டது இரண்டையும் சொல்லிவிடுகிறேன். பழைய குண்டு டிவி அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது ஒரு கட்டிலே போடலாம். படம் அவ்வளவு துல்லியம். செய்தி வாசிப்பவரின் காலரில் நூல் பிரிந்திருப்பதுகூடத் தெரிந்தது. ஆனால் பழைய டிவியின் தலையில்தான் என் மூக்குக்கண்ணாடி, சாவி, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் குடியிருந்தன. இதன் தலையில் ஒரு தீக்குச்சி நிற்காது. பழக்க தோஷத்தில் வைத்த மூக்குக்கண்ணாடி இரண்டு தடவை கீழே விழுந்து, ஒரு பக்கம் கீறல். சத்தம் வேறு பின்பக்கமாக வந்தது. யாரோ சுவருக்குள் உட்கார்ந்து பேசுவது போல... மதிய வெயிலில் அணைந்திருந்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடி. கூடம் மொத்தமும் அதில் தெரியும்.

திங்கட்கிழமை மாட்டியது. செவ்வாய் மதியம் 3.10க்கு 'டிக்' என்று ஒரு சத்தம். டிவி தானாக அணைந்தது. ரிமோட் என் மடியில் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அளந்தேன். 4.4.

புதன் 3.10. டிக். 3.7.

பயந்திருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. சகலையைக் கூப்பிட்டேன். "தம்பி, இப்ப மூணு புள்ளி ஏழு!"

"என்னண்ணே, டயட்ல இருக்கா? ஞாயித்துக்கிழம வந்து பாக்குறேன். அதுவரைக்கும் மிச்சம் இருந்தா."

வியாழன் 3.10. டிக். 2.6. 3.12க்கு ஒரு பல்லி இடது ஓரமாக டிவிக்குப் பின்னால் நுழைந்தது. இரண்டரை மில்லிமீட்டர் டிவிக்குப் பின்னால் ஒரு பல்லி எங்கே இருக்க முடியும்? நாற்காலி போட்டு ஐந்து மணி வரை காவல் காத்தேன்.

பல்லி வெளியே வரவில்லை.

வெள்ளி, 1.3. மனைவியிடம் சொன்னேன். "அவ வீட்டு டிவி வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்காம்" என்றாள்.

சனி, 0.4. பக்கவாட்டில் நின்று பார்த்தேன். டிவியே இல்லை, வெறும் சுவர்தான் தெரிந்தது. ஆனால் பேச்சு மட்டும் கேட்டது. அப்போதுதான் எனக்கு உதறல் எடுத்தது. நாளைக்கு சகலை வருகிறார். அதற்குள் முழுசாகத் தேய்ந்துவிட்டால்? நாற்பது வருடத்துக்குப் பிறகு கிடைத்த ஒரே ஒரு ஜெயம். சுவரில் கை வைத்துக் கெஞ்சினேன். "ஒரே ஒரு நாள் பொறுத்துக்கோ..."

ஞாயிறு. மணி 3.00. சகலை ஒருக்களித்து நுழைந்தார். மூலை நாற்காலி முனகியது. நானும் மனைவியும் மச்சினியும் சோபாவில்.

3.09. சகலையின் வாய் பிளந்தது. "அட... படம் சுவருக்குள்ளயே ஓடுதேண்ணே!" அவர் கண்ணில் பொறாமை. சொக்கப் பொறாமை! ஒரு நிமிடம், முழுதாக ஒரு நிமிடம், அதை ருசித்தேன்.

3.10.

டிக்.

திரை கறுப்பானது. கூடம் அதில் தெரிந்தது. நான். மனைவி. கையில் பிஸ்கட்டோடு மச்சினி. மூலையில் நாற்காலி...

நாற்காலி காலி.

திரும்பினேன். சகலை இருந்தார்.

திரையைப் பார்த்தேன். இல்லை. மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது.

"அண்ணே..."

"என்ன?"

"அதுல நான் எங்க?"

எழுந்து போய் அளந்தேன்.

0.0.

"அக்கா! இவரப் பாருக்கா!"

மச்சினி அலறினாள். சகலையின் சட்டை தொளதொளவென்று தொங்கியது. கழுத்து... மெலிந்துகொண்டிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நொடி, ஒரே நொடி, 'போகட்டுமே' என்று நினைத்தேன்.

சகலை என்னைப் பார்த்தார்.

இரண்டு கை நகத்தையும் ஓரத்தில் விட்டு இழுத்தேன்.

படார்!

டிவி சுவரை விட்டு வந்து, தரையில் விழுந்து, குறுக்கே பிளந்தது. பின்னாலிருந்து பல்லி ஓடியது. கொஞ்சம் தட்டையாக இருந்தது. நாற்காலி முனகியது, சகலை அதில் பழையபடி நிரம்பி வழிந்துகொண்டிருந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு பிஸ்கட் தட்டை எட்டினார்.

என் மனைவி உடைந்த டிவியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அவ வீட்டுல டிவி சுவத்துல இருக்கு" என்றாள்.

மறுநாள் மெக்கானிக் வந்தார். மூலையைத் தடவிப் பார்த்து, "எத்தன தடவ தூக்குனீங்க சார்?" என்றார். "ஏழு தடவை" என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் என் மூக்குக்கண்ணாடியின் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை. நீங்களும் நம்பவில்லை என்றால் எனக்கு வருத்தம் இல்லை. கட்டைவிரல் நன்றாகத்தான் இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலம் வெர்னியரைப் பெட்டியில் வைக்கப்போனேன். வெல்வெட் துணி பெயர்ந்து வந்தது. அடியில் எங்கள் ஆலையின் சீட்டு ஒன்று நாலாக மடித்துக் கிடந்தது. பிரித்தேன். நான் ஓய்வு பெறுவதற்கு இருபது நாள் முந்தைய தேதி. 'இந்த வெர்னியரில் அளக்க அளக்க எண் குறைந்துகொண்டே போகிறது. கழிவு.'

கீழே இருந்த கையெழுத்து என்னுடையது.