செல்வத்தின் சிவப்பு ஃபேரிங்

போன ஞாயிற்றுக்கிழமை கல்லூரியிலிருந்து வந்த என் மகள், தோள்பையோடு ஒரு அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தாள். அவர்கள் வகுப்பில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பந்தய பைக் செய்கிறார்களாம். காற்றைக் கிழிப்பதற்காக வண்டியின் முன்னும் பக்கங்களிலும் மூடுகிற கூட்டுக்கு ஃபேரிங் என்று பெயர். அதைச் செய்யும் பொறுப்பு இவளுடையது. பெட்டியைச் சமையலறை மேடையில் வைத்துப் பிரித்தாள். ஒரு டப்பா ரெசின் பிசின், கண்ணாடி நாரில் செய்த பாய், பிசினை இறுகவைக்கிற மருந்துகள் இரண்டு சின்ன பாட்டில்களில். டப்பா மூடியை நெம்பியதும் அந்த வாசனை வந்தது. பிளாஸ்டிக்கையும் அழுகிய பழத்தையும் சேர்த்துக் கொளுத்தினால் வருமே, அது. இரண்டு பாட்டில்களையும் அவள் ஒரே கையில் எடுத்தாள். அடுத்து நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. கத்தியிருக்கிறேன். பாட்டில்களைப் பிடுங்கியிருக்கிறேன். அவள் மணிக்கட்டில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

“ரெண்டையும் ஒண்ணா கலக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்பா. லேப்ல மொத நாளே சொல்லிட்டாங்க. உனக்கு என்னப்பா ஆச்சு?”

நான் கை கழுவப் போய்விட்டேன். கழுவுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள். பீங்கான் படிப்பு முடித்துவிட்டு, விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் சூப்பர்வைசராக இருந்தேன். சூப்பர்வைசர் என்றால் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பவன் என்று பொருள். மற்றபடி யூனிட்டை நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவன் செல்வம், பிளாஸ்டர் அச்சு செய்பவன், என் வயதுக்காரன். இன்னொருவர் முருகேசன் அண்ணன், பீங்கான் மேல் பூசும் கிளேஸைக் கலக்குபவர். செல்வத்தின் அக்கா ஜோதியைக் கட்டியவர். மாமனும் மச்சானும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தால் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். காலையில் டீக்குச் சண்டை, மத்தியானம் தண்ணிக் குழாய்க்குச் சண்டை. வாய்ச் சண்டை மட்டுமல்ல. முருகேசன் அண்ணனுக்கு முன்பல் ஒன்று இல்லாதது செல்வத்தின் உபயம். செல்வத்தின் புருவத்தில் இருந்த தையல் முருகேசன் அண்ணனின் உபயம். மறுநாள் இருவரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

செல்வத்துக்கு ரேஸ் பைத்தியம். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை வாங்கி, அதன் எலும்பு வரைக்கும் பிரித்து, மறுபடி கட்டியிருந்தான். இன்ஜின் வேலை முழுக்க முருகேசன் அண்ணனுடையது. மெட்ராஸுக்கு இந்தப் பக்கம் இருக்கிற டிராக்கில் போன முறை ஓட்டியபோது, யாரிடமோ இரவல் வாங்கிக் கட்டிய ஃபேரிங் வளைவில் பிய்த்துக்கொண்டு பறந்தது. பின்னால் வந்தவன் ஹெல்மெட்டில் அடித்தது. அவன் பிழைத்தான். செல்வத்தை வெளியே அனுப்பினார்கள். அடுத்த ரேஸுக்கு உறுதியான ஃபேரிங்கோடு வந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் இந்தப் பக்கமே வராதே என்றார்கள். அவன் ஒட்டுப்போட்ட வண்டிக்குக் கடையில் விற்கிற எதுவும் பொருந்தாது. அச்சு செய்பவன்தானே, தானே செய்துகொள்வது என்று முடிவு செய்தான்.

களிமண்ணில் உருவம் பிடித்து, பிளாஸ்டரில் அச்சு எடுத்தான். அதுவரை குறை சொல்ல முடியாத வேலை. கடலூரில் ஃபைபர் படகு செய்கிற ஒருவர் வந்து ரெசின் கலந்து கொடுத்தார். அவர் கலந்தார், இவர்கள் பூசினார்கள். ஏன் எதை முதலில் ஊற்றுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அச்சிலிருந்து கழற்றிப் பார்த்தால் அங்கங்கே கொப்புளம், திட்டுத் திட்டாகக் காயாத பிசுபிசுப்பு.

எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்துக் கழிவை எல்லாம் பின்சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் உடைப்போம். செய்தவன்தான் உடைக்க வேண்டும். உடைக்காமல் விட்டால் யாராவது எடுத்துப் போய் எங்காவது மாட்டி, அதில் ஷாக் அடித்து ஒருவன் சாவான். ஆகவே கொப்புளம் விழுந்த எதற்கும் மன்னிப்பு கிடையாது. முருகேசன் அண்ணன் சுத்தியலை எடுத்து நீட்டினார்.

“ஒடைடா மச்சான்.”

“யோவ் மாமா, இது ஃபியூஸ் கட்டை இல்லய்யா. கைய வெச்சே, கொன்னுடுவேன்.”

“கொல்லு. இதக் கட்டிக்கினு போயி நீ சாவறதுக்கு நான் மொதல்ல சாவறேன்.”

சொல்லிக்கொண்டே ஓங்கி அடித்தார். பீங்கானாக இருந்தால் ஒரே அடியில் நொறுங்கியிருக்கும். இது சுத்தியலைத் திருப்பி அனுப்பியது, நேராக அவர் முழங்காலுக்கு. செல்வம் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியது. நாங்கள் பிரித்துவிடுவதற்குள் ஒருவர் காதிலும் ஒருவர் உதட்டிலும் ரத்தம். கடைசியில் ஹேக்ஸா பிளேடை வைத்து இருவரும் மூச்சிரைத்துக்கொண்டே அந்த ஃபேரிங்கைக் கண்டதுண்டமாக அறுத்தார்கள். கொப்புளத்தைக் கீறி, பட்டி வைத்துத் தேய்த்திருந்தாலே சரியாகியிருக்கும் என்று கடலூர்க்காரர் பிற்பாடு சொன்னார்.

இரண்டாவது ஃபேரிங்கை யூனிட்டின் பின்பக்கக் கொட்டகையில் அவர் இல்லாமலே செய்தார்கள். திட்டுத் திட்டாக ஏன் காய்ந்தது என்று முருகேசன் அண்ணன் யோசித்து வைத்திருந்தார். கிளேஸில் நிறம் சேர்க்கும்போது, கொஞ்சமாகப் போடுகிற பொடிகளை எல்லாம் முதலில் ஒரு கிண்ணத்தில் ஒன்றாகக் குழைத்துக்கொண்டு, பிறகுதான் பெரிய வாளியில் ஊற்றுவோம். இல்லையென்றால் புள்ளி புள்ளியாக நிற்கும். அவர் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்.

“அந்தாளு ரெண்டு பாட்லையும் தனித்தனியா ஊத்துனான் மச்சான். சின்னத ரெண்டையும் மொதல்ல ஒண்ணா கலந்துக்க. அப்பறம் பாரு, ஒரே சீரா காயும்.”

அந்தக் கொட்டகையில் அதைத் தப்பென்று சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் வாசல் பக்கம் உட்கார்ந்து நார்ப் பாயைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் அரிப்பு. செல்வம் ஒரு பீங்கான் கோப்பையில் இரண்டையும் ஊற்றினான். முதலில் சீறல் கேட்டது, தாளிக்கிற மாதிரி. “என்ன மாமா, நுரைக்குது?” என்று முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். முருகேசன் அண்ணன் பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டு, கோப்பைக்கும் அவனுக்கும் நடுவே வந்துவிட்டார். வெடித்தது.

சத்தம் பெரிதாக இல்லை. தீபாவளிக்கு டப்பாவைக் கவிழ்த்து வெடிப்போமே, அவ்வளவுதான். ஆனால் கோப்பை தூளாகியிருந்தது. அண்ணன் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, “தண்ணி ஊத்து, தண்ணி ஊத்து” என்று மட்டும் சொன்னார். கிளேஸுக்கு வைத்திருந்த தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினோம். அவர் விரல் இடுக்கில் வழிந்தது வெறும் தண்ணீராக இல்லை. இன்றைக்கும் யாராவது கண்ணைக் கசக்கினால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்றார்கள். செல்வம் ஒரு நாள் ராத்திரி அங்கே இருந்தான். மறுநாள் கொட்டகைக்குத் திரும்பி வந்து மிச்ச ரெசினைக் கலந்தான். இந்த முறை கடலூர்க்காரரை ஃபோனில் பிடித்து, வரிசை கேட்டுக் கலந்தான்.

அவன் அந்த ஃபேரிங்கைத் தேய்த்த விதத்தை வேலை என்று சொல்ல மாட்டேன். யாரையோ அடிப்பது போலத் தேய்த்தான். பட்டி பூசி, வாட்டர் பேப்பரால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, விரல் நுனித் தோல் போய் சாம்பல் நிற பிரைமரில் ரத்தக் கோடு விழுந்தது. அதையும் சேர்த்தே தேய்த்தான். சிவப்பு பெயிண்ட்டை ஸ்பிரே கன்னில் நிரப்பிய அன்று ஜோதி அக்கா வந்தார்கள்.

“எம் புருசன் அங்க கட்டுப் போட்டுக்கினு கெடக்குறாரு. நீ இங்க வண்டிக்குப் பொட்டு வெக்கிறியாடா?”

அவன் கன்னைக் கீழே வைக்கவில்லை. அக்கா பெயிண்ட் டப்பாவைத் தூக்கி அவன் முதுகில் எறிந்தார்கள். சட்டை முழுக்கச் சிவப்பு. அவன் திரும்பவே இல்லை. “ஓட்டாம வுட்டா, மாமா கண்ணு சும்மா போனதாயிடும்க்கா” என்றான். அக்கா அவன் தலைமுடியைப் பிடித்து உலுக்கிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்கள்.

ரேஸில் அவன் ஜெயிக்கவில்லை. நடுவில் எங்கோ வந்தான். முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான். நான் அப்போது அங்கே இருந்தேன். அண்ணன் முகத்தில் பாதிக்கு மேல் கட்டு. காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

“ஃபேரிங் நின்னுச்சா?”

“நின்னுச்சு மாமா. ஒரு நெளிவு இல்ல.”

“கிட்ட வா.”

செல்வம் குனிந்தான். அண்ணன் கையால் துழாவி அவன் தாடையைத் தொட்டார், காதைத் தொட்டார், கன்னம் எங்கே என்று பார்த்துக்கொண்டார். பிறகு விட்டார் ஒரு அறை. வார்டே திரும்பியது. மாமா கொடுத்த அடி எதையும் செல்வம் திருப்பிக் கொடுக்காமல் விட்டு நான் பார்த்ததில்லை. அன்று இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றான்.

“மன்னிச்சுக்குங்க மாமா” என்றான்.

அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் கையை ஓங்கியபடியே இருந்தார், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு அடியோ ஒரு வசவோ வரும் என்பது போல. வரவில்லை. கையை இறக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

இன்னொரு கண் பிழைத்தது. செல்வம் வண்டியை விற்றுவிட்டு ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போனான். ஃபியூஸ் கட்டைக்குக் கிராக்கி போய் யூனிட்டையும் மூடினார்கள். அந்த இடத்தில் இப்போது யாரோ டைல்ஸ் அடுக்கி விற்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பொங்கலுக்கு முருகேசன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். செல்வமும் வந்திருந்தான். நோயாளியைப் பார்க்க வருபவன் போல ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “ஒடம்பு பரவால்லைங்களா மாமா?” என்று கேட்டான். “பரவால்லப்பா. நீ சாப்ட்டியா?” என்றார் அண்ணன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. காபி ஆறியிருந்தது, ஒருவரும் குறை சொல்லவில்லை. ஜோதி அக்கா அடுப்படி வாசலில் நின்று, இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். யாராவது ஒருவர் குரலை உயர்த்த மாட்டாரா என்று அவர்கள் காத்திருப்பது எனக்குத் தெரிந்தது. கிளம்பும்போது செல்வம் குனிந்து மாமா காலைத் தொட்டுக் கும்பிட்டான். அண்ணன் அவசரமாகக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.