எட்டு மணிக் கரடி

சில ஆண்டுகளுக்கு முன்னர், பாலைப்பழக் காலத்தில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டை ஒட்டிய எங்கள் வீட்டு வளவில் நடந்தது இது.

மனைவியின் கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமற் போயின. மரநாயின் வேலை என்று முடிவு செய்தேன். உயிருடன் பிடித்துத் தொலைவில் விட்டுவிடலாம் என எண்ணி, அயலவரிடம் ஓர் இரும்புக் கூட்டை இரவல் வாங்கி, வளவின் பின்புறப் பாலைமரத்தின் கீழ் வைத்தேன். இரை, வாழைப்பழமும் கருவாடும். காலையில் கூடு புரண்டு கிடக்கும். இரையும் இராது, மரநாயும் இராது.

விடுமுறைக்கு வந்திருந்த மனைவியின் தம்பி, கனடாவில் தம் வீட்டுக் குப்பைவாளியைக் கவிழ்க்கும் விலங்கைக் கண்டறியப் பயன்படுத்திய கமரா ஒன்றை எங்களிடம் விட்டுச் சென்றிருந்தார். எதிரே ஏதேனும் அசைந்தால் அது தானே படமெடுக்கும், இருளிலும் எடுக்கும். குரங்குகள் பிடுங்கிவிடுமென அஞ்சி, மாலையில் மரமொன்றில் கட்டிக் காலையில் கழற்றிவிடுவேன். கட்டும்போது என் முகமே முதலிற் பதியும். அந்தப் படங்களைச் சரியாகப் பாராமலே அழித்துவிடுவேன்.

முதல்நாட் படத்தில் மரநாய் இல்லை. கறுப்பு வெள்ளையில், கூட்டைக் கட்டிப்பிடித்தபடி ஒரு கரடி நின்றது. மூலையில் நேரம்: இரவு எட்டு மணி.

கரடி என்றால் வன்னியில் யாரும் விளையாடுவதில்லை. பொழுதுபட்டால் ஒருவரும் பின்புறம் போகக்கூடாது என்று கட்டளையிட்டேன்.

"அப்ப விடியப்புறம் போகலாமோ? வெயில் ஏறினால் குரங்குகள் எனக்கு ஒரு பாலைப்பழமும் மிச்சம் வைக்காதுகள்" என்றாள் மனைவி.

"ஓம், போம். அது இரவுக்குத்தான் வருது. கமரா பொய் சொல்லாது."

ஆயினும் அன்றிரவு குசினி யன்னலருகே கதிரையைப் போட்டுக் காத்திருந்தேன். எட்டு மணி கடந்தது. நிலவொளியில் பாலைமரம் தெளிவாகத் தெரிந்தது. ஓர் இலைகூட அசையவில்லை. மறுநாட் காலையில் படத்தைப் பார்த்தால், நான் விழித்திருந்த அதே இரவில், அதே எட்டு மணிக்குக் கரடி நிற்கிறது!

"கண்ணாடியை மாத்துங்கோ" என்று சிரித்தாள் மனைவி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண்ணை நம்புவதா, கமராவை நம்புவதா? கமராவையே நம்பினேன்.

அடுத்தநாள் பொழுது புலருமுன் அவள் வாளியுடன் பழம் பொறுக்கப் போனாள். நான் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சேருங்கோ..."

கத்தவில்லை, மிக மெல்ல அழைத்தாள். திரும்பிப் பார்த்தேன். மரத்தின் ஒருபுறம் அவள். மறுபுறம் கரடி, பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றது. ஓடிப்போய்த் தடியொன்றை எடுத்திருக்கலாம், சத்தமாவது போட்டிருக்கலாம். ஆனால், 'இது எட்டு மணிக் கரடியல்லவா? இந்நேரத்தில் எப்படி வந்தது?' என்ற ஒரே கேள்வியில் அறிவு சிக்கி நின்றது. அவளோ வாளியை மெதுவாக நிலத்தில் வைத்துவிட்டு, கரடி மீதிருந்த கண்ணை எடுக்காமல் பின்னோக்கி நடந்தாள். கரடி அவளை விட்டு வாளிக்குள் தலையை நுழைத்தது.

வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டினாள். "உங்கட கரடிக்கு மணி பார்க்கத் தெரியாதாக்கும்" என்றாள்.

நன்றாக வெளிச்சம் வந்ததும் கமராவைக் கழற்றிப் பார்த்தேன். அவளும் கரடியும் ஒரே படத்தில். நேரம், முந்தைய நாள் இரவு எட்டு மணி! அப்போது நாங்கள் இருவரும் குசினியில் பிட்டு உண்டுகொண்டிருந்தோம். ஒரு கணம், பிட்டு உண்டதுகூட நடந்ததுதானா என்று ஐயுற்றேன்.

கனடாவிலிருந்த மைத்துனரைத் தொலைபேசியில் அழைத்தேன். "ஐயோ அத்தான், அது இஞ்சத்தை நேரம்! மாத்தாமல் தந்திட்டன்" என்றார். அங்கே இரவு எட்டு மணி, இங்கே விடிகாலை. அழிக்காமல் எஞ்சியிருந்த என் படமொன்றைத் தேடி எடுத்தேன். மாலையில் கமராவைக் கட்டும் என் முகம். மூலையில் காலை நேரம். என்னையே ஒருமுறை உற்றுப் பார்த்திருந்தால் போதும்.

மனைவி தொலைபேசியைப் பறித்தாள். "தம்பி, நீயே வந்து என்ர வாளியை எடுத்துத் தா!"

கோழி பிடித்தது எதுவென்று இன்றுவரை தெரியாது. கமராவின் நேரத்தைத் திருத்திவிட்டேன். அந்தப் படத்தின் மூலையில் உள்ள எட்டு மணியை மட்டும் மாற்ற முடியவில்லை. எதையேனும் உறுதியாகச் சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம், என் சொல்லை நம்பி வாளியுடன் இருளில் நடந்து போனவள் அந்தப் படத்திலிருந்து என் முன்னே வந்து நிற்கிறாள்.