புரோட்டீன் பார் தின்று பார்க்கும் உத்தியோகம்

உணவியல் ஆலோசகர் என்று அட்டையில் அழகாக அச்சடித்துக்கொண்டாலும் எங்கள் தொழில் சுருக்கமாக இதுதான்: பிறர் ஆசையாய்ச் செய்ததை வாங்கித் தின்றுவிட்டு, அது ஏன் நல்லதில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வது.

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஒவ்வொரு பதார்த்தமாகச் சுட்டிக்காட்டி, "இதச் சாப்பிடலாமா மேடம்?" என்று கேட்க, பதில் சொல்லி முடிப்பதற்குள் நம் இலையில் அப்பளம் நமத்துப்போன அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், நீங்கள் என் இனம். மேற்கொண்டு படிக்கலாம்.

முதுகலைப் பட்டத்தோடு கோவில்பட்டியில் சேவியர் அண்ணாச்சியின் கடலை மிட்டாய்க் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். மிட்டாய்க்காக அல்ல. பெங்களூரில் கணினி வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய அவருடைய மகன் ரூபன், வீகன் புரோட்டீன் பார் செய்து விற்பதென்று இறங்கியிருந்தான். (என்னைவிட இளையவன், என்னை அக்கா என்று அழைப்பவன், ஆகவே 'அவன்' என்றே எழுதுகிறேன்.) இறைச்சி, முட்டை மட்டுமன்றி, பால், தயிர், நெய், தேன் எதுவுமே கூடாது என்பது வீகன் விதி. பட்டாணியிலிருந்து பிரித்த புரதப் பொடி, பேரீச்சை, கடலை, நார்ச்சத்துப் பொடி ஆகியவற்றைப் பிசைந்து, தட்டில் அழுத்தி, வெட்டி, பளபளக்கும் தாளில் சுற்றினால் பார்.

அது உடம்புக்கு நல்லதா, தின்னத் தகுந்ததா என்று சொல்வது என் வேலை. ரூபனின் கவலை வேறு. ஈஸ்டருக்குள் ஒரு பெரிய கடையின் ஆர்டர் வந்தாக வேண்டும்; வராவிட்டால் பாருக்கென்று வாங்கிய புது இயந்திரம் திரும்பிப் போகும், அவன் கம்பெனிக் கல்லாவில் உட்கார வேண்டும் என்று அண்ணாச்சி கெடு விதித்திருந்தார். கல்லாவில் உட்கார்வது எளிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் அது நாள் முழுவதும் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்வது. நான் சேர்ந்த அன்றே அவர் என்னிடம் சொன்னார்: "பார் நல்லாருந்தா நல்லாருக்குன்னு சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. படிச்சவிய மாதிரி மூணாவதா ஒண்ணச் சொல்லிராதிய."

பதம் தப்பிய சரக்கு

கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சும் இடத்தில் ஒரே ஒரு சட்டம்தான். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, எடுத்துத் தட்டினால் 'டக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சட்டி மறுபடியும் அடுப்புக்குப் போகும். அந்தச் சட்டத்தின் காவல் அதிகாரி பாக்கியம் அக்கா. அவரிடம் முதல் நாள் பாரின் செய்முறையை வரிவரியாக விளக்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். ஒன்றை மட்டும் விளக்கவில்லை: பார் மெத்தென்றுதான் இருக்க வேண்டும் என்பதை. பல்கலைக்கழகத்தில் அதை யாரும் யாருக்கும் விளக்கியதில்லை.

திரும்பி வந்தபோது பிசைந்த கலவை முழுவதும் இரும்புச் சட்டியில் கிடந்தது. பாக்கியம் அக்கா வியர்வை வழிய அதைக் கிண்டிக்கொண்டிருந்தார். ஆறியதும் ரூபன் ஒரு துண்டைக் கடித்தான். அவனுடைய கடைவாய்ப் பல்லுக்கும் பாருக்கும் நடந்த போட்டியில் பார் வென்றது. யாரைக் கேட்டு அடுப்பில் ஏற்றினீர்கள் என்று நான் கடுமையாகவே கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைக்காமல் பதில் சொன்னார்: "தட்டிப் பாத்தேன், சத்தமே இல்ல, சவுக்குன்னு கெடந்துச்சு. இத வெளிய அனுப்புனா கோவில்பட்டிக்காரிக்குப் பாகு காய்ச்சத் தெரியலன்னு சொல்ல மாட்டானா? ஒங்க மானத்தக் காப்பாத்தித் தந்துருக்கேன், நீங்க என்னடான்னா வைதுக்கிட்டு நிக்கிய."

கங்கைகொண்டான் வரையில்

சுவைத்துப் பார்ப்பவர்களை வெள்ளைத் தடுப்புகளுக்குள் தனித்தனியே உட்கார வைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி கருத்துக் கேட்க வேண்டும் என்பது நான் படித்த முறை. ரூபன் கண்ட முறை, கயத்தாறு விலக்கில் லாரிகள் நிற்கும் டீக்கடையில் இனாமாகக் கொடுத்துப் பார்ப்பது. ஒருவருக்கு ஒன்றுதான் என்று நான் எச்சரித்தேன். பாரில் சிக்கரி வேரிலிருந்து எடுத்த நார்ச்சத்துப் பொடி கலந்திருந்தது. அளவோடு உண்டால் குடலுக்கு உகந்தது, அளவு மீறினால் குடல் பேசத் தொடங்கிவிடும். பெரிய மீசை வைத்த ஓட்டுநர் ஒருவர் தம் பங்கைத் தின்றார். பிறகு கிளீனர் தூங்குவதாகச் சொல்லி அவன் பங்கையும், அவன் விழித்தால் பசிக்கும் என்று சொல்லி இன்னும் இரண்டையும் வாங்கி, எல்லாவற்றையும் தாமே தின்றுவிட்டு வண்டியை எடுத்தார்.

அடுத்த வாரம் அதே டீக்கடையில் அவரைக் கண்டோம். ரூபன் ஆவலோடு போய், எப்படி இருந்தது என்று கேட்டான். ஓட்டுநர் கண்ணாடித் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அவனைத் தவிர்த்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "குத்தமா சொல்லல தாயி. இங்கன ஏறுனேன், கங்கைகொண்டான் தாண்டுத வரைக்கும் நான் ஹாரன்லயே கை வைக்கல. முன்னால போறவன் பூரா தானா ஒதுங்கி வழி விட்டான்."

சர்க்கரை இல்லாத இனிப்பு

தாளின்மேல் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று கொட்டை எழுத்தில் அச்சிட ரூபன் விரும்பினான். வேண்டாம் என்றேன். சேர்க்கவில்லைதான், ஆனால் பேரீச்சைக்குள் இருப்பது என்ன, உப்பா? சட்டப்படி சரி என்று அவன் வாதாடினான். சட்டத்துக்குச் சர்க்கரை நோய் இல்லை, வாங்குகிறவருக்கு இருக்கும் என்றேன். இந்த வாதத்தில் நான் தோற்றேன், தாள் அச்சாகி வந்தது.

எப்போதும்வென்றான் என்னும் ஊரிலிருந்து ஒரு தம்பதியர் கடைக்கு வந்தனர். கணவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். அந்தக் கொட்டை எழுத்தை நம்பி, சாப்பாட்டுக்குப் பிறகு மருந்து போலத் தவறாமல் ஒரு பாரை எடுத்து உண்டு வந்திருக்கிறார். பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. பேரீச்சையின் இனிப்பும் இரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேரும், சோற்றுக்கு மேல் இது இன்னொரு பலகாரம் என்று நான் நேரடியாகச் சொன்னேன். கணவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவி பார்க்கவில்லை. "வாயில வச்சா இனிக்கி, ஆனா சக்கர இல்லன்னு இவிய சொல்லும்போதே நெனச்சேன். பீடியவே கண்ணுல கண்டதில்லன்னு பொண்ணு பாக்க வந்த அன்னிக்கிச் சொன்னாவல்லா, அந்த மாதிரியில்லா இருக்கு."

அடுத்த அச்சில் அந்த வரி இல்லை.

ஒறுத்தல்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ரூபனுக்கு ஒரு யோசனை தோன்றியது. இறைச்சியும் முட்டையும் விலக்கியிருப்பவர்களுக்கு வீகன் பாரைவிடப் பொருத்தமான தின்பண்டம் எது? ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் ஒரு மேசை போட்டான். விளக்கம் சொல்ல நான். முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற மேரி டீச்சர். இறைச்சி இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை, நெய்யும் இல்லை என்று நான் அடுக்க அடுக்கத் தலையாட்டியவர், ஒரு துண்டை வாயில் போட்டு, திருப்பலி முழுவதற்கும் ஆகும் பொறுமையோடு மென்று விழுங்கினார். பிறகு, "ரெண்டு குடு ரூபன். மத்தவிய எதையாவது விட்டுத்தான் ஒறுத்தல் செய்யணும், எனக்கு இதத் தின்னாலே போதும்" என்றார்.

உடல் வளர்ப்போர்

உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர்கள்தாம் எங்கள் நிரந்தர வாடிக்கையாளர்கள் ஆவார்கள் என்று ரூபன் கணக்கிட்டிருந்தான். அவர்களுள் முத்துக்குமார் என்பவன் தவறாமல் வாங்கினான். ஒரு நாள் மாலை பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் அவனைப் பார்த்தேன். இலை நிறையப் புரோட்டா, அதன்மேல் கோழிச் சால்னா, ஓரத்தில் எங்கள் பார், பிரிக்கப்பட்ட நிலையில். பாரைக் கடித்துக்கொண்டே புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு வாயை மூடிக்கொண்டு கடந்துபோகும் பயிற்சி இல்லை. உணவுக்குப் பதிலாக உண்டால் பாருக்கு ஓர் அர்த்தம் உண்டு, உணவோடு சேர்த்து உண்டால் அது தொப்பைக்குச் செய்யும் சேவை, அந்தக் கோழியிலேயே உனக்குத் தேவையான புரதம் இருக்கிறது, பிறகு எதற்கு வீகன் பார் என்று கேட்டேன். அவன் எழுந்து நின்று, மரியாதையாகக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னான்: "பாருதான மேடம் வீகன். நான் இல்லல்லா?"

முதல் தட்டு

ஈஸ்டர் நெருங்கியது. கடைசி நம்பிக்கையாகச் சென்னையிலிருந்து நிவேதா வந்தார். வீகன் பண்டங்கள் மட்டுமே விற்கும் கடைகளுக்குச் சரக்கு தேர்ந்தெடுப்பவர். தாமும் வீகன், தோல் செருப்புகூட அணியாதவர். ரூபன் புதிதாகப் போட்ட சரக்கில் இரண்டு தட்டுகளை மேசையில் வைத்தான். முதல் தட்டில் ஒரு துண்டைச் சுவைத்த நிவேதா கண்ணை மூடிக்கொண்டார். இப்படி மணக்கும் பாரை இதுவரை உண்டதில்லை என்றார். ரூபன் முகத்தில் ஆர்டர் எழுதப்பட்டுவிட்டது. நானும் ஒரு துண்டை வாயில் போட்டேன்; மணம் எனக்கு மிக நன்றாகத் தெரிந்த மணமாக இருந்தது. உள்ளே போய்ப் பாக்கியம் அக்காவைக் கேட்டேன். "புதுச் சரக்குல மொதத் தட்டுக்கு நெய்யில சிலுவ போட்டுத்தான் மாவ அழுத்துவோம். அண்ணாச்சியோட அப்பா காலத்துலருந்து இங்க வழக்கம் அதான். நான் கும்புடுதது மாரியாத்தாள. ஆனாலும் கோணாமப் போட்டுருக்கேன். மத்த தட்டுக்கெல்லாம் கடலெண்ணெய்தான்" என்றார். பாரில் நெய் சேர்க்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தது உண்மை. சிலுவையை அவர் சேர்மானமாகக் கருதவில்லை.

கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்ட ரூபன், "அக்கா, ஒரு தட்டுதான. இனிமே போட மாட்டோம். சொல்லணுமா?" என்றான். முன்கூடத்தில் அண்ணாச்சி தமக்குப் பக்கத்து நாற்காலியைத் துண்டால் தட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அவனுக்காக எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருத்தி வேண்டாமென்று விலக்கி வைத்ததை அவள் அறியாமல் ஊட்டிவிட்டு ஆர்டர் வாங்குவது வியாபாரம் அன்று. வெளியே வந்து சொன்னேன்: "இதில் நெய் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் உண்ணக் கொடுத்துவிட்டோம், மன்னிக்க வேண்டும்." நிவேதா ஒரு தம்ளர் தண்ணீரை முழுவதும் குடித்தார். பிறகு, இவ்வளவு சொன்ன நீங்கள் மீதியையும் சொல்லுங்கள், இந்தப் பார் நல்லதா என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். பயணத்தில் பசித்து, கிடைப்பது எண்ணெய்ப் பலகாரம் மட்டும்தான் என்றால் இது மேல். வீட்டில் சோறும் பருப்பும் பயறும் இருக்கும்போது இது வீண். வீகன் என்ற சொல் பாலில்லை என்பதற்குச் சான்று, உடம்புக்கு நல்லது என்பதற்குச் சான்று அன்று. சுவையைப் பொறுத்தவரை முதல் தட்டை உயர்த்தியது நெய். இரண்டாம் தட்டு நனைந்த அட்டைப்பெட்டி. ரூபன் மெல்லக் கல்லாவை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தான். நிவேதா இரண்டாம் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, நெடுநேரம் மென்றார். ஒரு கட்டத்தில் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டார். விழுங்கியபின் அவர் சொன்னது இது: "இதுதான் மேடம் வேணும். முதல் தட்டு மாதிரி ருசியா இருந்தா எங்க கஸ்டமர்ஸ் சந்தேகப்படுவாங்க. கஷ்டப்பட்டு மென்னாத்தான் உடம்புக்கு நல்லதுன்னு நம்புவாங்க. ஈஸ்டருக்கு முன்னாடியே அனுப்பிடுங்க, ரெண்டாவது தட்டு மாதிரியே."

ஆகவே, என் இனத்தாரே, ரூபனைக் கல்லாவிலிருந்து காப்பாற்றிய அந்தப் பாரைப் பற்றி என் தீர்ப்பு இதுதான்: வழியில் பசித்தால் ஒன்று தின்னலாம், ருசித்துவிட்டால் மட்டும் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரையாவது விசாரித்துக்கொள்ளுங்கள்.