பயிற்சியாளர் போகலாம், அக்கா போகக் கூடாது

பிள்ளைகளே, உங்கள் அக்காவைக் கல்லூரி உதவித்தொகை கொடுத்து எடுத்தது கால்பந்துக்காக. அவள் கோல் காப்பவள். எங்கள் வீட்டுக்கு வந்து பேசியவர் அங்கிருந்த பயிற்சியாளர். அம்மாவின் உறைப்புக் கறியைக் கண்ணீரோடு சாப்பிட்டுவிட்டு, "மூன்று வருடமும் இவளை நானே பார்த்துக்கொள்வேன்" என்றார். அந்தச் சொல்லுக்குத்தான் நான் தலையாட்டினேன்.

ஒரு வருடம் முடிய அவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் தனக்குப் பழக்கமான கோல் காப்பவளைக் கூட்டிவந்தார். அக்கா ஆடக் கிடைக்காமல் மைதான ஓரத்து வாங்கில் இருந்தாள்.

பழைய பயிற்சியாளரிடமே போக அவள் விரும்பினாள். அந்தக் கல்லூரியும் உதவித்தொகை தரத் தயார். ஆனால் இந்தக் கல்லூரி மனம்வைத்து விடுவித்தால் ஒழிய, மாறுகிறவள் ஒரு பருவம் முழுக்கப் போட்டியில் ஆட முடியாது. பயிற்சியாளருக்கோ அப்படி ஒரு தடையும் இல்லை. இதையே நினைத்துக்கொண்டு பஸ் ஓட்டி, விளக்குப் பச்சையானதையும் காணாமல் பின்னால் நின்றவர்களை ஹோர்ன் அடிக்க வைத்தேன்.

அவளை விடுவிப்பதா என்று தீர்மானிக்க, இந்தக் கல்லூரி விளையாட்டுப் பிரிவின் தலைவி எங்களைக் கூப்பிட்டார். லண்டன் லூயிஷாமில் ரயில் ஏறியதும் அக்கா என் பையைப் பார்த்தாள்.

"அது என்னப்பா?"

"பயத்தம் உருண்டை. ஒரு காரியத்துக்குப் போகேக்கை வெறுங்கையோடை போறதே?"

"ஐயோ அப்பா, நாங்கள் கலியாணம் பேசப் போகேல்லை!"

"பேசாமல் வா. வாய் இனிச்சால் மனம் இளகும்."

தலைவி நல்ல மனுசி. அக்கா சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். "இதில் நியாயம் இருக்கிறது" என்றும் சொன்னார். அந்த நேரம் பார்த்து நான் உருண்டை டின்னை மேசையில் வைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. எனக்கு விளங்கவேண்டும் என்று ஆங்கிலத்தை ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். முடிவு எடுக்கும்போது அவர் எதையும் வாங்கக் கூடாதாம். இனி இதை வேறொருவர்தான் தீர்க்கவேண்டுமாம். டின்னை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

அக்கா ஸ்டேஷன் வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.

"அவ ஓம் எண்டு சொல்ல வந்தவ, அப்பா."

"ஒரு உருண்டைக்கு ஆர் பிள்ளை மயங்குவினம்?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள், மனம் இளகும் எண்டு!"

வண்டியில் இடம் இருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன்.

அந்த வேறொருவர் மறுத்துவிட்டார். ஒருத்தியை விட்டால் எல்லாரும் பயிற்சியாளருக்குப் பின்னால் போவார்கள், மிஞ்சுகிற அணி என்ன செய்வது என்று கேட்டார். அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த அணியை முதலில் விட்டுப் போனது யார்?

"நான் போறன்" என்றாள் அக்கா. "இஞ்சை வாங்கிலை இருக்கிறதும் ஆடாமல் இருக்கிறதுதானே. அங்கை எண்டால் பழகவாவது ஏலும்."

புதுக் கல்லூரியின் முதல் போட்டிக்கு நானும் போனேன். தொடங்கும் முன் மற்றக் கோல் காப்பவளுக்குப் பந்து அடித்துக் கொடுத்தவள் அக்காதான். விசில் ஊத முன்னரே கோட்டுக்கு வெளியே வந்துவிட்டாள். பயிற்சியாளர் என்னிடம் வந்து, "மன்னியுங்கள், விதி அப்படி" என்றார்.

"உங்களுக்கு ஏன் அந்த விதி இல்லை?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் வாய் திறந்தார். அதற்குள் யாரோ பந்தைத் தவறவிட, அந்தப் பக்கம் கத்திக்கொண்டு ஓடினார். நான் கோட்டோரம் மேலும் கீழும் நடந்தேன்.

"அப்பா, ஒரு இடத்திலை நில்லுங்கோ, தலை சுத்துது" என்றாள் அக்கா. அவளும் கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாகவே இருந்தாள்.