வாடகை டயர்

எங்கள் டாக்சியை ஓட்டும் டெபோரா அக்காவைப் போலப் பயந்த மனுஷியை நான் பார்த்ததே இல்லை. கிளம்பும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். நாலு டயரையும் காலால் அழுத்திப் பார்ப்பார். தெருமுனை வருவதற்குள் இரண்டு தடவை பிரேக்கை மிதித்துச் சோதிப்பார். பின்சீட்டில் இருப்பவருக்கு மூக்கு முன்சீட்டில் மோதும். "ஸாரிங்க, பிரேக் கீதான்னு பாத்தேன்" என்பார். இதைக் கேட்ட பிறகு யார்தான் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவார்கள்?

அவருக்கு வீடு அஸ்தினாபுரத்தில். கணவர் எபிக்கு முதுகு போய் ஆட்டோ ஓட்டுவதை நிறுத்தியதும் அக்கா ஸ்டீயரிங்கைப் பிடித்தார். லைசென்ஸ் டெஸ்டில் பயந்தே இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவை கிடைத்த அந்த அட்டை பர்ஸில் பிள்ளைகளின் போட்டோவுக்கு மேலே இருக்கும். அது போனால் வீட்டில் உலை கொதிக்காது.

வண்டி என் அப்பா ஜெயகிருஷ்ணனுடையது. ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் வாங்கி, மஞ்சள் போர்டு மாட்டி, அக்காவிடம் ஓட்டக் கொடுத்திருந்தார். அப்பா நல்லவர்தான். கோயில் என்றால் கை தாராளம். வண்டிக்குச் செலவு என்று யாராவது பேச ஆரம்பித்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

டாக்சி ரோட்டில் ஓட வேண்டுமென்றால் எஃப்சி வேண்டும். வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்டிஓ ஆபீசில் பார்த்துக் கொடுக்கும் சான்றிதழ். போன நவம்பரில் அதற்கு நாள் வந்தபோது எங்கள் வண்டியின் டயர்கள் நாலும் தேய்ந்து மொட்டை. புது டயர் வாங்குவதற்குப் பதில் அப்பா ஒரு கடையில் நாலு நல்ல டயர்களை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தார். காலையில் மாட்டி, காட்டி, கையெழுத்து வாங்கி, சாயங்காலம் கழற்றிக் கொடுத்தாயிற்று. வண்டி பழையபடி மொட்டைக் காலில் நின்றது. கல்யாண மாப்பிள்ளை கூட வாடகைக்கு எடுத்த கோட்-சூட்டை இரண்டு நாள் கழித்துத்தான் திருப்பிக் கொடுப்பான்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. கேம்ப் ரோட்டில் பள்ளிப் பிள்ளைகள் குறுக்கே வர, அக்கா பிரேக் போட்டார். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், ஒரு பெண்ணின் புத்தகப் பையை உரசி நின்றது. அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். அக்காவுக்கு ஓரங்கட்டி அழுது முடித்த பிறகுதான் கியர் போட முடிந்தது. நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சார், டயரு சுத்தமா மொட்டையா கீது. வண்டி வழுக்கிகினு போவுது சார். பயமா கீது."

"பயப்படாதே. எஃப்சி இருக்கு. கவர்மெண்டே பாத்துக் குடுத்திருக்கான்" என்றார் அப்பா.

"எதுனா ஆச்சுன்னா ஓட்டுனது யாருன்னுதான் சார் கேப்பாங்க. என் லைசென்ஸ்தான் சார் போவும்."

"கஷ்டமா இருந்தா சொல்லு, வேற டிரைவர் பாத்துக்கறேன்."

அக்கா சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சவாரியையும் 'இயேசப்பா' என்றுதான் தொடங்கினாராம். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது, பிறகு அக்கா சொன்னது. நான் கேளம்பாக்கத்தில் என் கணவர் வீட்டில் இருந்தேன். வளைகாப்பு முடிந்து பொழிச்சலூருக்கு, அப்பா வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே எனக்குக் கால் வீங்கி, பிபி ஏறியது. கேளம்பாக்கத்து டாக்டர் போனில், உடனே வந்து அட்மிட் ஆகச் சொன்னார். வெளியே பேய் மழை.

அப்பா அக்காவை வரச் சொன்னார். வண்டி வாசலில் வந்து நின்றது. குடையோடு இறங்கிப் போன அப்பா, முன்டயரை ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு டயரைக் காலால் அழுத்தினார், அக்கா செய்வதைப் போலவே.

"நீ வேற ட்ரிப் பாரும்மா. ஸ்ம்ருதிக்கு நான் வேற வண்டி கூப்பிட்டுக்கறேன்" என்றார்.

அக்காவின் முகம் வெளுத்தது. அப்போதுதான் நானும் அந்த டயரைப் பார்த்தேன், வழவழவென்று மொட்டை. மகளை ஏற்றத் தகாத வண்டியில் ஊரார் பிள்ளைகளை ஏற்றச் சொல்கிறார் என்று அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. உடம்பெல்லாம் எரிந்தது.

வேறு டாக்சி வந்தது. டிரைவர் என் பையை வாங்கி வைத்தார். அக்கா போகவில்லை. நனைந்தபடி அந்த வண்டியையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்டயர் பக்கம் நின்றுவிட்டார்.

"அண்ணா, கோச்சுக்காதீங்க. எஃப்சி எப்ப போட்டீங்க?"

"இப்பத்தான்க்கா, போன வாரம்" என்ற அந்த அண்ணன், அக்கா எங்கே பார்க்கிறார் என்று கண்டுகொண்டு தலையைக் குனிந்துகொண்டார். "ஓனர்கிட்ட சொல்லிக்கினுதான்க்கா கீறேன்."

அதுவும் மொட்டை. இரண்டு வண்டிக்கும் நடுவில் அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. என் மடியில் இப்போது கத்திக்கொண்டிருக்கும் இந்தப் பயல் அப்போது வயிற்றை உதைத்தான். 

"நான் அக்கா கூடத்தான் போவேன்" என்றேன். "அவங்கதான் பயப்படறாங்க. பயந்து பயந்து ஓட்டுவாங்க."

அப்பா முன்சீட்டில் ஏறினார். அக்கா மாட்டுவண்டி வேகத்தில் போனார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள். பம்மலில் தேங்கிய தண்ணீரில் வண்டி இறங்கியபோது அப்பாவின் வலது கால் வண்டியின் தரையை மிதித்தது. தாம்பரம் தாண்டும்போது மறுபடி மிதித்தது. அவர் பக்கம் பிரேக் கிடையாது. வண்டலூர் பாலத்து இறக்கத்தில் வண்டியின் பின்பக்கம் லேசாக ஒதுங்கி வழுக்கியது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அக்கா பிரேக்கைத் தொடாமல், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, மெல்ல மெல்ல நேராக்கினார்.

"டெபோரா!" என்று அப்பா அலறிவிட்டார்.

அக்கா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. 

"பயப்படாதீங்க சார். எஃப்சி கீது."